வலைக்குள் காய்ந்த கார்

போன ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை தன் காரின் கதவுகளுக்கு உள்பக்கம் இருக்கும் பிளாஸ்டிக் பலகைகளைக் கழற்றி வாசலில் அடுக்கினார். ஸ்ப்ரே பெயின்ட் டப்பாவைக் குலுக்கினார். உள்ளே குண்டு கடகடவென்றது. ஒரு அழுத்து அழுத்தியதும் வாசம் அடுப்படி வரைக்கும் வந்துவிட்டது. பழுத்த வாழைப்பழத்தில் மண்ணெண்ணெய் ஊற்றின மாதிரி. நான் மீன் அலசிக்கொண்டிருந்தேன். கை தானாக நின்றது.

“கழுவினீங்களா மாப்பிள்ளை?”

“தொடைச்சுட்டேன் அத்தை.”

துடைப்பது வேறு, கழுவுவது வேறு. சொல்லவில்லை. மாப்பிள்ளையிடம் எவ்வளவுதான் சொல்வது.

எங்களிடமும் ஒரு கார் இருந்தது. இரண்டு கை மாறி வந்தது. மண்டபம் ஊரில் இருந்துகொண்டு வீட்டுக்காரர் அதை ராமேஸ்வரத்துக்கு வாடகைக்கு ஓட்டினார். கோயிலுக்கு வருகிறவர்கள் கடலில் முழுகி, தீர்த்தமாடி, ஈரத்துணியோடு ஏறுவார்கள். புண்ணியத்துக்கு வந்தவர்களை ஏறாதே என்று சொல்ல முடியாது. அந்த ஈரம் கதவில் காயும். உப்புப் பூக்கும். வெயில் வேறு. கறுப்பாக இருந்த பிளாஸ்டிக் சாம்பல் நிறத்துக்கு வந்துவிட்டது.

அதற்கு அவர் ஒரு வைத்தியம் வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை வண்டியைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, உள்ளே முழுக்கத் தேங்காயெண்ணெய் தடவுவார். அங்கே எல்லா டிரைவரும் அப்படித்தான். தன் தலைக்குக்கூட அவ்வளவு வைத்தவர் இல்லை. இரண்டு நாள் மினுங்கும். அப்புறம் மணல் அப்பிக்கொள்ளும்.

ஒரு ஆடி மாதம் ராமேஸ்வரத்து லாட்ஜ் மேனேஜர் கதவைத் திறந்து பார்த்திருக்கிறார். எங்கள் சவாரி எல்லாம் அந்த லாட்ஜை நம்பித்தான்.

“வெளிய மாப்பிள்ளையாட்டம் இருக்கு, உள்ள கெழவனாட்டம் இருக்கு. அமாவாசைக்கு வர்றவுக பெரிய எடம். இப்படியே கொண்டு வந்தீன்னா வேற வண்டி சொல்லிருவேன்” என்றாராம்.

ஆடி அமாவாசைக்கு வேறு வண்டி நுழைந்தால் அதற்கப்புறமும் அந்த வண்டிதான். வீட்டுக்காரர் சோறு வேண்டாம் என்று ராமநாதபுரம் போய், கறுப்பு ஸ்ப்ரே பெயின்ட் டப்பாக்களோடு வந்தார். முதல் கதவுப் பலகையில் அடித்தார். பெயின்ட் பரவவில்லை. எண்ணெய்ச் சட்டியில் தண்ணீர் தெளித்த மாதிரி திரண்டு திரண்டு நின்றது.

“டப்பா சரியில்ல புள்ள.”

“டப்பா நல்லாத்தான் இருக்கு. வருசம் பூரா எண்ணெ குடிச்ச கதவு. எப்படி ஒட்டும்?”

“தொடைச்சேன்ல.”

“சனிக்கெழமை எண்ணெ தேச்சுட்டுத் துண்ட வச்சுத் தொடைச்சா உங்க தலை எண்ணெ போயிருமா?”

அடித்த பெயின்டைத் துணியால் வழித்துப் போட்டார். நான் சீயக்காய் கரைத்துக்கொண்டு வந்தேன். எங்கள் காருக்கு அன்றைக்கு எண்ணெய்க் குளியல் முடிந்து சீயக்காய்க் குளியல். பலகை பலகையாகத் தேய்த்தோம். தண்ணீர் திரளாமல் வழிந்து ஓடின பிறகுதான் விட்டேன்.

அடுத்தது காற்று. ஆடிக்காற்று எங்கள் தெருவில் மணலை அள்ளிக்கொண்டுதான் வரும். சோற்றில் விழுகிற மணல் பெயின்டில் விழாதா. பிள்ளைக்குக் கட்டும் கொசுவலையை அவிழ்த்து, வீட்டுக்குப் பின்னால் கொடியில் கட்டி, கல் வைத்து அமுக்கினோம். பலகைகளை உள்ளே வலையோடு ஒட்டிச் சாய்த்து வைத்தோம். முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு அவரும் உள்ளே போனார்.

அக்கா முறையில் நாங்கள் லாத்தா என்று கூப்பிடும் பக்கத்து வீட்டம்மா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

“என்னம்மா, வலையப் போட்டுக் கருவாடு காய வச்சிருக்கே. என்ன மீனு?”

வலைக்குள்ளிருந்து இவர் சொன்னார். “கதவு மீனு லாத்தா. முள்ளு கெடையாது.”

“பாத்து தம்பி. பூனை தூக்கிரப் போகுது.”

பூனை தூக்கவில்லை. நன்றாகக் காய்ந்தது. அமாவாசையன்று விடியுமுன் கிளம்பிப் போனார். ஒட்டினது ஒட்டினபடி இருக்குமா, ஈரம் பட்டால் வந்துவிடுமா, எங்களுக்குத் தெரியாது. நான் அன்று குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டேன்.

சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றினார். ஏறினவர் ஒரு பெரியவர், வெள்ளை வேட்டி, குளித்த ஈரத்தோடு. வழி முழுக்கக் கதவில் சாய்ந்தபடியே வந்திருக்கிறார். லாட்ஜ் வாசலில் அவர் இறங்கும்போது மேனேஜர் காரைப் பார்த்தாராம். இவர் அந்தப் பெரியவரின் வேட்டியைப் பார்த்தாராம்.

“வேட்டி வெள்ளையாவே எறங்குச்சு” என்றார். உப்புக் குழம்பையும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். அடுத்த அமாவாசைக்கும் எங்கள் வண்டிதான் போனது.

மாப்பிள்ளையிடம் இதையெல்லாம் சொன்னவர் வீட்டுக்காரர்தான். இப்போது முழங்கால் வலி, நாற்காலியை விட்டு எழுவதில்லை. பேச்சு மட்டும் கூடியிருக்கிறது. மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே சீயக்காய் கேட்டார். வீட்டில் இல்லை. இப்போது யார் அரைத்து வைக்கிறார்கள். பாத்திரம் விளக்கும் சோப்பைக் கொடுத்தேன்.

மகள் கேட்டாள். “சின்ன வயசுல எனக்குக் கட்டுற வலையில ஒரு படகு இருக்குமே, சுத்திக் கறுப்பா. அது காரு கதவாம்மா?”

சுற்றிலும் பெயின்ட் படிந்து, கதவு சாய்ந்திருந்த இடம் மட்டும் வெள்ளையாக நின்றுபோன வலை அது. அதைப் பார்த்துக்கொண்டுதான் அவள் தூங்குவாள். படகு என்று நினைத்திருந்தது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

கார் பழைய இரும்புக்குப் போனது. லாட்ஜ் இருந்த இடத்தில் வேறு கட்டடம். வலை கிழிந்ததும் துண்டு துண்டாக வெட்டிப் பாத்திரம் தேய்த்தேன். அவள் படகு மீன்சட்டியில் தேய்ந்து தீர்ந்தது.