மாப்பிள்ளையின் உள்ளங்கை

கிரேக்கத்தின் நக்சோஸ் தீவில் எங்கள் ஊரில், பெண் கேட்டு வருகிறவனின் உள்ளங்கையைத் தொட்டுப் பார்ப்போம். பக்கத்து வீட்டுக் கல்லிரோயியைக் கேட்டு வந்த நிகிஃபோரோஸின் கை கல்லாக இருந்தது. "உழைக்கிறவன்டி, கட்டிக்கோ" என்றார் அவள் அப்பா.

முப்பது வயதில் அவன் உருளைக்கிழங்குத் தோட்டத்தில் விழுந்து செத்தான். அவனுக்கு இருந்த மாதிரி கம்பளி போன்ற சுருட்டை முடியும் தடித்த உள்ளங்கையும் சில குடும்பங்களுக்கு மரபணுவில் வருவது, இதயத் தசையைக் கெடுக்கும் நோயின் அடையாளம் என்று பிறகு டாக்டர் சொன்னார். நாங்கள் மெச்சியது அந்த நோயைத்தான்.

கல்லிரோயி இன்றுவரை தனியாகத்தான் கிழங்கு தோண்டுகிறாள். போன ஈஸ்டருக்கு என் மகளைக் கேட்டு ஒருவன் வந்தான். அவன் கையைக் கல்லிரோயிதான் முதலில் பிடித்தாள்.

"பஞ்சு மாதிரி இருக்கு. சரியான சோம்பேறிப் பய" என்றேன், நானும் தொட்டுப் பார்த்து.

"சோம்பேறியாவே கிழவனாகட்டும்க்கா" என்றாள். கையை விடவே இல்லை.