அம்மா எடுத்த மீசை

அந்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பிரசங்கத்தில் சாமியார் ஒரு கேள்வி கேட்டார். "இந்த வாரத்துல நம்மள்ல எத்தனை பேரு ஒரு நோயாளியப் போய்ப் பாத்தோம்?"

பதில் எதிர்பார்த்துக் கேட்டதல்ல. கேட்டுவிட்டு, நாங்கள் வெட்கப்படுவதற்கு இரண்டு நொடி அவகாசம் கொடுத்தார். நாங்களும் தரையைப் பார்த்து ஒழுங்காக வெட்கப்பட்டோம். பெண்கள் பக்கத்திலிருந்து மட்டும் ஒரு குரல் வந்தது.

"நான் பாக்கலீங்க சாமி."

என் அம்மாவின் குரல்.

சாமியாருக்குப் பிரசங்கம் விட்டுப்போய்விட்டது. "பரவால்லம்மா" என்றார். "இல்லீங்க, தப்புதான். இன்னைக்கே போயிடறேன்" என்றாள் அம்மா. கோயிலே சிரித்தது. நாற்பத்து மூன்று வயதுள்ள நான், ஒரு தூணுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

அப்பா இறந்த பிறகு வரதராஜன்பேட்டையை விட்டு அரியலூரில் என் வீட்டுக்கு வந்தவள் அம்மா. சின்ன வயதில் அடுத்தவர் முந்திரிக்காட்டில் கொட்டை பொறுக்கியவள். பள்ளிக்கூடம் அதிகம் பார்க்காதவள். செபமாலை கையிலெடுத்தால் இருபது மணி உருட்டுவதற்குள் தூங்கிவிடுவாள். ஆனால் யாராவது ஒரு வேலை சொல்லிவிட்டால் அதை முடிக்காமல் அவளுக்குத் தூக்கம் வராது. சாமியார் கேட்டதையும் அப்படி ஒரு வேலையாகத்தான் எடுத்துக்கொண்டாள்.

பூசை முடிந்ததும் என் வண்டியின் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். "ஆஸ்பத்திரிக்குப் போ."

"யாரும்மா அங்க இருக்கா, நமக்குத் தெரிஞ்சவங்க?"

"போனாத் தெரிஞ்சுட்டுப் போறாங்க."

ஆண்கள் வார்டு வாசலில் நர்ஸ், யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். "யாரைப் பாக்க ஆளு வரலியோ, அவங்கள" என்றாள் அம்மா. நர்ஸ் ஒரு கணம் யோசித்துவிட்டு மூலைக் கட்டிலைக் காட்டினார்.

அங்கே கிடந்தவருக்கு எழுபது வயதிருக்கும். திருமானூர்ப் பக்கம் விவசாயம். வரப்பில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்திருந்தது. மகன் வெளிநாட்டில். மனைவி மாடுகளை விட்டுவிட்டு வர முடியாமல் வியாழக்கிழமை மட்டும் வந்துபோனார். இதெல்லாம் பிறகு தெரிந்தது. முதலில் தெரிந்தது அவருடைய மீசைதான். இரண்டு பக்கமும் முறுக்கி விட்ட, வெள்ளை வெளேரென்ற மீசை. அதைச் சுற்றி மூன்று வாரத் தாடி காடாய் மண்டியிருந்தது.

அம்மாவின் கழுத்தில் தொங்கிய சிலுவையைப் பார்த்ததும் அவர் கையை உயர்த்தினார். "செபம் பண்ண வந்தீங்களா? எனக்கு வேணாம்."

"எனக்கும் அது சரியா வராதுங்க" என்றாள் அம்மா. "வேற என்ன வேணும், சொல்லுங்க."

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. தாடையைச் சொறிந்துகொண்டே, "சேவிங் பண்ணணும். அரிக்குது" என்றார்.

அம்மா என்னைப் பார்த்தாள். எனக்கு என் முகத்தை மட்டும்தான் மழிக்கத் தெரியும் என்று சொல்லித் தப்பித்தேன். விடுவாளா? அடுத்த கால்மணி நேரத்தில் கடைத்தெருச் சலூன் பெஞ்சில், ஆறேழு ஆண்களுக்கு நடுவே அம்மா உட்கார்ந்திருந்தாள், கோயிலுக்குக் கட்டிய பட்டுச்சேலையோடு. உரக்கப் பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் செய்தித்தாளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள். ஒருவர் டி.வி. சத்தத்தைக்கூடக் குறைத்தார்.

கடைக்காரர் என்னைக் காட்டி, "பையனுக்காம்மா?" என்று கேட்டார்.

"இல்லப்பா. ஆஸ்பத்திரில ஒருத்தரு. காலு ஒடஞ்சு கெடக்காரு. நீ ஒரு எட்டு வந்து மழிச்சு விட்டுரு."

"ஒங்க வூட்டுக்காரரா?"

"பேருகூடத் தெரியாது."

அவர் கத்தரியை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தார். "ஞாயித்துக்கெழம கடைய விட்டு நகர முடியாதும்மா. செவ்வாக்கெழம லீவு. அன்னைக்கு வரேன்."

"அதுவரைக்கும் அவருக்கு அரிக்குமே. எப்புடிப் பண்றதுன்னு எனக்குக் காட்டு."

காட்டினார். ஒரு வாடிக்கையாளரின் கன்னத்தை வைத்தே பாடம் நடந்தது. தோலை இழுத்துப் பிடிக்க வேண்டும், மேலிருந்து கீழே வர வேண்டும், அவசரப்படக் கூடாது. அம்மா பக்கத்தில் நின்று குனிந்து பார்த்தாள். கன்னத்துக்குச் சொந்தக்காரர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

சாயங்காலம் என் முகத்தில் ஒத்திகை. நான் காலையில்தான் மழித்திருந்தேன் என்பதை அம்மா பொருட்படுத்தவில்லை. தாடையில் இரண்டு வெட்டு, காதோரம் ஒன்று. படிகாரக் கட்டியோடு நின்ற என் மனைவி சிரிப்பை அடக்க முடியாமல் கொல்லைப்பக்கம் ஓடிவிட்டாள். "நீ அசையற" என்று அம்மா பழியை என்மேல் போட்டாள்.

திங்கட்கிழமை வேலை முடிந்ததும் கூட்டிப்போனேன். நர்ஸ் சிரித்துக்கொண்டே, "பாத்துப் பண்ணுங்கம்மா" என்று அனுமதித்தார். பெரியவர் என் முகத்துப் பிளாஸ்திரியைக் கவலையோடு பார்த்தார். அம்மா அவர் கழுத்தில் துண்டைச் சுற்றி, சோப்பு நுரை தடவி, ரேசரை எடுத்தாள். பேச்சுவாக்கில் தன் ஊர் வரதராஜன்பேட்டை என்று சொன்னாள். அப்போது அவர் கேட்டார்.

"வரதராஜன்பேட்டையில நீங்க எந்தத் தெருவும்மா?"

எங்கள் பக்கத்தில் அந்தக் கேள்வியின் பொருள் தெருவல்ல. கேட்கிறவருக்கும் தெரியும், கேட்கப்படுகிறவருக்கும் தெரியும். எனக்குச் சுருக்கென்றது. அம்மாவின் கை நிற்கவில்லை.

"காலனிங்க. தலைய ஆட்டாதீங்க, பிளேடு பட்டுடும்."

அவர் மற்ற கன்னத்தைத் தானாகவே திருப்பிக் காட்டினார்.

தாடி நன்றாகவே வந்தது. ஒரு கீறல்கூட இல்லை. அதில் அம்மாவுக்குத் தைரியம் வந்துவிட்டது, அதுதான் வினை. மீசையின் ஓரத்தைக் கொஞ்சம் சீராக்கலாம் என்று கை வைத்தாள். இடது பக்கம் ஒரு விரற்கடை கூடுதலாகப் போயிற்று. சரிக்கட்ட வலது பக்கம் எடுத்தாள். அது இன்னும் கூடுதல். மறுபடியும் இடது. நான் கண்ணால் ஜாடை காட்டிப் பார்த்தேன், அவள் பார்க்கவில்லை. கடைசியில் மூக்குக்குக் கீழே இரண்டு ஈ உட்கார்ந்த மாதிரி ஏதோ மிஞ்சியது. அம்மா பெருமூச்சு விட்டு அதையும் எடுத்துவிட்டாள்.

பெரியவர் கண்ணாடி கேட்டார். என் போன் கேமராவைத் திருப்பிப் பிடித்தேன். அவர் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அடுத்த கட்டில்காரர் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டார். அந்தப் போர்வை குலுங்கியது.

"கல்யாணத்துக்கு அப்புறம் வச்ச மீசை" என்றார் மெதுவாக.

அம்மாவின் கண் நிறைந்துவிட்டது. "மன்னிச்சுக்குங்கய்யா. சீராப் பண்ணலாம்னுதான்..."

அவர் தாடையைத் தடவினார், கழுத்தைத் தடவினார், காலியாகிவிட்ட இடத்தையும் தடவினார்.

"அரிக்கல" என்றார். "இப்ப அரிக்கல. விடுங்க."

செவ்வாய்க்கிழமை சலூன்காரர் சொன்னபடியே பையோடு வார்டுக்கு வந்தாராம். பெரியவரைப் பார்த்து, "எனக்கு ஒண்ணும் மிச்சம் வைக்கலியே" என்று தலையில் கை வைத்தாராம். வந்ததற்கு மற்ற கட்டில்களில் நாலு பேருக்கு மழித்துவிட்டுப் போயிருக்கிறார்.

வியாழக்கிழமை பெரியவரின் மனைவி வந்தபோது நாங்களும் அங்கே இருந்தோம். அந்த அம்மா கட்டிலைத் தாண்டி நேராக நர்ஸிடம் போய், "எங்க வூட்டுக்காரர எங்க மாத்திட்டீங்க?" என்று கேட்டார்.

"ஏ, இங்கடி" என்று கத்தினார் பெரியவர்.

திரும்பிப் பார்த்த அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, சிரித்துச் சிரித்து நிற்க மாட்டாமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். "எந்தப் பாவி இந்த வேலையப் பாத்தது?"

"நாந்தாங்க அந்தப் பாவி" என்றாள் அம்மா.

பிறகு இருவரும் வார்டுக்கு வெளியே போய் உட்கார்ந்து மாடு, மருமகள், முழங்கால் வலி என்று பேசித் தீர்த்தார்கள். அந்த அம்மா கொண்டுவந்த எலுமிச்சை சாதத்தை ஒரே டப்பாவிலிருந்து இருவரும் சாப்பிட்டதை நான் பார்த்தேன். பெரியவர் வீடு திரும்பும்வரை தினமும் அம்மாதான் மழித்துவிட்டாள். மீசை முளைக்கும் இடத்தை மட்டும் அவர் ஒரு கையால் மூடிக்கொள்வார்.

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் ஆஸ்பத்திரி என்பது வழக்கமாகிவிட்டது. போன மாதம் அம்மாவின் முழங்கால் வீங்கிவிட, "நீ போயிட்டு வா" என்று என்னைத் தனியாக அனுப்பினாள். வார்டில் காய்ச்சலோடு சுருண்டு கிடந்த ஒரு லாரி டிரைவரிடம் போய், அம்மாவைப் போலவே, என்ன வேண்டும் என்று கேட்டேன்.

"குளுருதுண்ணே. அந்த ஃபேன நிறுத்துங்க."

இவ்வளவுதானே என்று நிறுத்தினேன். நாலு கட்டில்களிலிருந்து ஒரே நேரத்தில் வசவு விழுந்தது. பயந்துபோய் மறுபடியும் போட்டேன். டிரைவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். வேறு வழி தெரியவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய், கைக்கு அகப்பட்ட போர்வையைக் கொண்டுவந்து போர்த்தினேன். அவர் தலையோடு மூடிக்கொண்டு, நன்றிகூடச் சொல்லாமல் தூங்கிவிட்டார். நடுக்கம் நின்றதா என்று பார்த்துக்கொண்டு அரைமணி நேரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். நல்லதொரு செபம் சொல்லத்தான் நினைத்தேன், ஒன்றும் வாயில் வரவில்லை. நின்றுவிட்டது என்று உறுதியானதும் கிளம்பினேன்.

வீட்டில் மனைவி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "என் தம்பி சீர் வச்ச புதுப் போர்வை எங்க?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா அவசரமாகச் செபமாலையை எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.