தொட்டிப் பலகையில் டைல் ஒட்டிய கதை

துறைமுகத்தில் கடற்படையினர் குடியிருந்த பழைய வீடுகளைத் திருத்தியபோது, அங்கிருந்த இரும்புக் குளியல் தொட்டிகளை ஏலத்தில் விட்டார்கள். துறைமுக அலுவலகத்தில் வேலைபார்த்த என் கணவர் அவற்றில் ஒன்றை எடுத்து, மாட்டுவண்டியில் ஏற்றிப் பாலையூற்றிலிருந்த எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். கூடவே ஒரு பெட்டி வெள்ளை டைல். எழுபதுகளின் தொடக்கம் அது. வெளிநாட்டுச் சாமான்கள் கடைகளில் கிடைப்பதே அரிதாகிவிட்ட காலம். ஊரெல்லாம் கிணற்றடியில் வாளியால் அள்ளிக் குளிக்க, எங்களுக்கு மட்டும் படுத்துக் குளிக்கிற தொட்டி!

ஆனால் அதன் பக்கம் திறந்து கிடந்தது. கால்கள், கழிவுக் குழாய், அடியில் புகுந்த தவளைகள் எல்லாம் வெளியே தெரிந்தன. மேசன் ஒருவர் வந்து முன்பக்கத்தைப் பிளைவூட்டால் மறைத்து, சீமெந்து குழைத்து டைல்களைப் பதித்தார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. சில நாளில் ஒன்று விழுந்தது. அதை எடுத்து வைப்பதற்குள் பக்கத்தில் இருந்ததும் கழன்றது. மேசன் திரும்ப வந்து பதித்தார், திரும்பவும் விழுந்தன.

கணவரின் அக்கா அன்புவழிபுரத்திலிருந்து வந்தவர் குளியலறையை எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"என்ன பிள்ளை, இந்த வயசிலயே உங்கட தொட்டிக்குப் பல்லு விழுந்திட்டுதே!"

அன்று பின்னேரம் கணவரும் சலித்துப்போனார். "விடும். ஒரு சாக்கைத் தொங்கவிடுவம்."

"ஏலாது. நான் ஒட்டிக் காட்டுறன்."

சொல்லிவிட்டேனே தவிர, எப்படி என்று எனக்கே தெரியாது. விழுந்த டைல்களை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். சீமெந்து டைலின் முதுகில் கெட்டியாக ஒட்டியிருந்தது. பிளைவூட்டில்தான் ஒரு பொட்டும் இல்லை. அடியில் அது தண்ணீர் குடித்து ஊதி, தாள் தாளாகப் பிரிந்திருந்தது. டைலிலும் குற்றமில்லை, மேசனின் கையிலும் குற்றமில்லை. பின்னால் நின்ற பலகைதான் சரியில்லை. ஒட்டுகிற பசையும் வேறாக இருக்க வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் என்னோடு படிப்பித்த, கிண்ணியாவைச் சேர்ந்த ஓர் ஆசிரியையிடம் இதைச் சொன்னேன். அவருடைய தம்பி பைபர் வள்ளங்கள் திருத்துபவர். மறுநாளே அந்தத் தம்பி ஒரு தகரப் பேணியில் வள்ளப் பசையும், அதை இறுக்குகிற மருந்தும் கொண்டுவந்து தந்தார்.

"கடலுக்க கிடக்கிற வள்ளத்தையே இது பிடிச்சு வச்சிருக்கு, டீச்சர். உங்கட தொட்டிக்குக் காணாதா?"

உடைந்த டைல் துண்டுகளை வைத்துப் பரீட்சை தொடங்கினேன். முதல்முறை மருந்தை அள்ளி ஊற்றிவிட்டேன். பேணி கையைச் சுட்டது, புகைந்தது, பசை கல்லாகிவிட்டது. அடுத்தமுறை வெயில் ஏறுமுன் சில துளிகள் மட்டும் விட்டேன். பிளைவூட் துண்டில் ஒன்று, கூரைக்குப் போடுகிற அஸ்பெஸ்டஸின் தட்டையான தகட்டில் ஒன்று என்று ஒட்டி, நன்றாக இறுகியபின் வாளித் தண்ணீரில் ஊறவிட்டேன். அந்தத் தகட்டின் தூசு கெடுதல் என்று அந்நாளில் எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்து எடுத்தபோது, பிளைவூட் ஊதி டைலை ஓரத்தில் தள்ளியிருந்தது. தகடு போட்டபடியே இருந்தது. கணவர் சுத்தியலால் ஓங்கி ஒரு அடி போட்டார். டைல் நொறுங்கியது, ஒட்டு விடவில்லை!

"ஓம், இது பிடிச்சிட்டுது," என்றார். அவர் குரலில் இருந்த ஆச்சரியம் எனக்குச் சம்பளம் கூடியதுபோல் இருந்தது.

அதன்பிறகு அவரும் என்னோடு இறங்கிவிட்டார். பாலைமரத்தில் சட்டம் அடித்தார். நான் தகட்டை மண்கடதாசியால் சொரசொரப்பாகும்வரை தேய்த்து, துடைத்து, கீழ்வரிசையிலிருந்து ஒவ்வொன்றாக ஒட்டினேன். குழாய் அடைத்தால் கழற்ற வேண்டுமே என்று, டைல் ஒட்டிய அந்தத் தகட்டைச் சட்டத்தோடு பித்தளைத் திருகாணியால் மட்டும் பூட்டினோம்.

கணவரின் அக்கா அடுத்தமுறை வந்தபோது தொட்டியை நிரப்பி, துவாயை நீட்டினேன்.

"குளிச்சுப் பாருங்கோ, மச்சாள்."

கனத்த உடம்பு அவருக்கு. அவர் இறங்கியதும் தண்ணீர் விளிம்பு தாண்டி டைல்களின்மேல் அருவியாக வழிகிற ஓசை கேட்டது. பிறகு தொட்டியைக் குதிக்காலால் இடித்துப் பார்க்கும் சத்தம். வெளியே நானும் கணவரும் கதவில் காதை வைத்து நின்றோம். ஒன்றும் விழவில்லை. நெடுநேரம் கழித்துத் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தார்.

"நல்லாத்தான் செய்திருக்கிறாய்."

அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் எனக்குக் கிடைத்தது அதுவே முதல்முறை.

மாரி வந்து போனது. சுவரெல்லாம் பாசி பிடித்தது. ஒரு காலையில் மேசன் தானாகவே வந்து, தொட்டியருகே குந்தி, மடக்கிய விரல் முட்டியால் ஒவ்வொரு டைலாகத் தட்டிப் பார்த்தார். எங்கும் வெற்றோசை இல்லை. எழுந்து என்னைப் பார்த்தார்.

"துறைமுகப் பக்கம் இன்னொரு வீட்டிலயும் இதே வேலை கிடக்கு. நீங்கள் ஒருக்கா வந்து பலகையைப் பாத்துச் சொல்லுவியளோ?"

சேலையை மாற்றிக்கொண்டு அப்போதே புறப்பட்டேன்.