சோலையப்பனின் சுண்ணாம்பு விரல்

சோலையப்பனிடம் ஒரு குறையும் சொல்ல முடியாது, வெற்றிலையைத் தவிர. அரிமளத்துக்காரர். 1938இல் புதுக்கோட்டையில் ஒரு கல்லூரியின் பௌதிக சோதனைச்சாலையில் உதவியாளராக இருந்தார். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. பேராசிரியர் ரெங்கசாமிக்கோ வெற்றிலை என்றால் வேப்பங்காய். சோதனைச்சாலைக்குள் வாய் சிவந்து நின்றால் அன்றோடு சீட்டுக் கிழிந்துவிடும் என்று சொல்லியே வைத்திருந்தார்.

அந்த வருஷம் பேராசிரியரைப் பிடித்திருந்த கிறுக்கு ஒரு கண்ணாடிக் குழாய். சீமையில் அணுவை உடைக்க அயனிகளை வேகமாக விரட்டும் இயந்திரங்கள் கட்டுகிறார்களாம். விரட்டுவதற்கு முதலில் அயனிகள் வேண்டுமே, அவற்றைப் பிறப்பிக்கிற குழாய் இது. உள்ளேயிருக்கும் காற்றை உறிஞ்சிவிட்டு ஒரு பிளாட்டினத் தகட்டைப் பழுக்கக் காய்ச்சினால், எலக்ட்ரான்கள் கிளம்பி, மிச்சமிருக்கும் காற்றை மோதி அயனிகளாக்கும். அவை கடைசியிலுள்ள திரையில் பட்டு ஒளிர வேண்டும். ஒளிரத்தான் செய்தது, மின்மினிக்கே சிரிப்பு வரும் அளவுக்கு.

மதராஸிலிருந்து பரிசோதகர் வரவிருந்த வாரம். பேராசிரியர் சாப்பிடப் போன நேரத்தில் சோலையப்பன் புதுத் தகடு மாட்ட உட்கார்ந்தார். கதவைச் சாத்திக்கொண்டு நிம்மதியாக வெற்றிலையும் போட்டார். விரலில் மிஞ்சிய சுண்ணாம்பைத் தூணில் தடவுவது ஊர்ப் பழக்கம். பக்கத்தில் தூண் இல்லாததால் கை தானாகத் தகட்டில் தடவிவிட்டது. அவர் அதைக் கவனித்தபோது வாசலில் செருப்புச் சத்தம். அவசரமாகக் குழாயை மூடி, மெழுகு வைத்து, வாயைக் கொப்பளித்துவிட்டு ஒன்றும் அறியாதவராக நின்றார்.

சாயங்காலம் விசையைப் போட்டால் திரை நிலாவாகக் காய்ந்தது. பேராசிரியர் குதிக்காத குறை. என்ன செய்தீர்கள் என்று கேட்டார். தகட்டை நன்றாகத் துடைத்தேன் என்று சோலையப்பன் கூசாமல் புளுகினார்.

மறுநாள் அந்தத் தகடு அறுந்துவிட்டது. இன்னொன்றைத் தம் கண் முன்னாலேயே மாட்டச் சொன்னார் பேராசிரியர். சோலையப்பன் துடைத்தார், துடைத்தார், தகடு தேயும்வரை துடைத்தார். மறுபடியும் மின்மினிதான். உண்மையைச் சொல்லாவிட்டால் நாளை முதல் வர வேண்டாம் என்றார் பேராசிரியர். சொன்னாலும் வர வேண்டியதில்லை என்பது சோலையப்பனுக்குத் தெரியும். வீட்டில் மனைவி செங்கமலம் நிறைமாதம்.

"உள்ளயே வெத்தலை போட்டேன் சார். வெரல்ல இருந்த சுண்ணாம்பை அதுல தடவிப்புட்டேன்."

திட்டுவதற்கு வாயெடுத்த பேராசிரியர் அப்படியே நின்றார். அலமாரியிலிருந்து தடித்த புத்தகம் ஒன்றை எடுத்துப் புரட்டினார். சூடேறிய சுண்ணாம்பு எலக்ட்ரான்களை அள்ளி விடும், அவை பெருகினால் அயனிகளும் பெருகும் என்று தமக்குள் முணுமுணுத்தார். பிறகு புதுத் தகடு ஒன்றை மேசைமேல் வைத்துவிட்டு, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"வெளியில போயி வெத்தலை போட்டுட்டு வாங்க, சோலையப்பன். வாயை நல்லாக் கொப்பளிச்சிருங்க. வெரலை மட்டும் கழுவிறாதீங்க."