ஜெய்ப்பூர் போன குக்கர்

ஒரே ஒரு தோள்பையோடு உலகத்தைச் சுற்றி வருகிறானாம் ஒரு வெள்ளைக்காரப் பையன். அவன் போடுகிற வீடியோக்களை என் வீட்டுக்காரர் சாப்பிடும்போது பார்த்தார், பல் தேய்க்கும்போது பார்த்தார், கபாலி கோவில் பிரதட்சிணத்தில்கூடக் காதில் மாட்டிக்கொண்டு கேட்டார்.

"பாரேன், மொத்தமே நாலு சட்டை. ராத்திரி தோய்ச்சுக் காயப் போட்டு, கார்த்தால போட்டுண்டுடறான். மனுஷன்னா இப்படி இருக்கணும்" என்றார்.

இவர் தன் சட்டையைத் தானே தோய்த்து நான் பார்த்ததில்லை. கழற்றிய சட்டை கழற்றிய இடத்திலேயே கிடக்கும். ஆனால் உபதேசம் மட்டும் எங்களுக்கு.

இதெல்லாம் அரையாண்டு லீவில் ஜெய்ப்பூர் போகலாம் என்று முடிவானதிலிருந்து ஆரம்பித்தது. நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மயிலாப்பூரில் பிறந்து, மயிலாப்பூரிலேயே வாழ்க்கைப்பட்டு, விடிவதற்கு முன்னால் அடுப்பைப் பற்ற வைத்து, எல்லோருக்கும் டப்பா கட்டிவிட்டு ஓடுகிற ஜன்மம். ஜெய்ப்பூர் கோட்டையைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஒன்றும் அப்படி ஆசை இல்லை. எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். நாலு நாள் அடுப்பு முகத்தில் விழிக்கக் கூடாது. யாராவது சமைத்து யாராவது தட்டில் போட, நான் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். டிக்கெட் வாங்கும்போது இவரே வாய் நிறையச் சொன்னார்: "அந்த நாலு நாளும் நீ கரண்டியைத் தொட வேண்டாம்." நான் நம்பினேன். கணக்கு டீச்சர் என்றால் புத்திசாலி என்று ஊரில் ஒரு நினைப்பு இருக்கிறது, பாவம்.

மலிவு விமானம், அதிலும் மலிவான டிக்கெட். பெரிய பெட்டி போடக் கூடாது. ஆளுக்கு ஒரு கைப்பை, ஏழு கிலோ, அவ்வளவுதான். இந்த ஏழு கிலோவுக்காக எங்கள் வீட்டில் நடந்த அமர்க்களம் இருக்கிறதே! குறைவாகச் சாமான் எடுத்துப் போவதற்காக தி.நகருக்குப் போய் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் சாமான் வாங்கினோம். எடை இல்லாத பை, எடை இல்லாத துண்டு, உடம்பெல்லாம் பாக்கெட் வைத்த கால்சராய், பையைக் கொக்கியில் மாட்டி நிறுத்துப் பார்க்க ஒரு கைத்தராசு. அதற்கப்புறம் வீட்டில் எதைக் கண்டாலும் அந்தக் கொக்கியில் மாட்டினார். என் கைப்பையை மாட்டினார். பூஜை மணியை மாட்டினார். நான் எட்டி நின்றதால் தப்பித்தேன்.

எங்களோடு வந்தவள் என் நாத்தனார். இவருக்குத் தங்கை, அடையாறில் தனியாக இருக்கிறாள், காலேஜில் புரொபஸர். வீடியோ பைத்தியம் அவளையும் பிடித்துக்கொண்டது. துணியை அப்பளக் குழவி மாதிரி இறுக்கிச் சுருட்டினால் இடம் மிச்சமாகுமாம். இரண்டு பேரும் கூடத்தில் உட்கார்ந்து சுருட்டினார்கள். சுருட்டினால் இடம் குறையலாம், எடை எப்படிக் குறையும் என்று கேட்டேன்.

"நீ எதுக்கெடுத்தாலும் நெகட்டிவ்வா பேசாதே" என்றார் இவர்.

கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது நாத்தனார் ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். "மன்னி, உங்களுக்குன்னு பார்த்துப் பார்த்து வாங்கினேன்" என்றாள். பிரித்தால் கரண்டில் சாதம் வடிக்கிற குட்டி குக்கர்.

"இது எதுக்கு இப்போ?"

"ரூம்ல பிளக் இருக்கும் இல்லையா? ஒரு ரசம் சாதம், ஒரு பருப்புப் பொடி. அண்ணாவுக்கு வெளிச் சாப்பாடு ஒத்துக்காதே."

"ஆமாம்டீ, என் வயிறு உனக்குத் தெரியாதா?" என்றார் இவர், வயிற்றைத் தடவிக்கொண்டு.

தெரியாமலா? கல்யாணமாகி வந்த முதல் வாரமே மாமியார் அந்த வயிற்றை என் கையில் ஒப்படைத்துவிட்டார். அன்றிலிருந்து நான் எந்தக் கல்யாணத்துக்கும் கை வீசிப் போனதில்லை. இவருக்குத் தயிர் சாதம் தனியாகப் பிசைந்துகொண்டுதான் போயிருக்கிறேன். "கரண்டியைத் தொட வேண்டாம்னேளே?" என்று கேட்டேன். "இது கரண்டிலதானே பண்ணப் போறே, அடுப்பா என்ன?" என்றார். இதை ஒரு பதிலென்று நினைத்துச் சொன்னாரே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

குக்கரை யார் பையில் வைப்பது? இவர் பையில் இடமில்லை, அதில் துண்டும் தராசும் இருந்தன. நாத்தனார் பையில் இடமில்லை, அதில் ஏழு விதமான முகக் களிம்புகள். காலேஜில் படிக்கிற என் பெண் பையைத் தொடவே விடவில்லை. கடைசியில் என் பைதான் இளிச்சவாய்ப் பை. குக்கர், பச்சரிசி, துவரம்பருப்பு, ரசப்பொடி, பெருங்காயம், இவரது திருநீற்றுச் சம்புடம். மிச்சமிருந்த சந்தில் என் புடவைகள், ஒரு ஸ்வெட்டர், கோட்டை ஏறுவதற்கென்று ஆசையாக வாங்கிய கான்வாஸ் ஷூ. தராசு மிகச் சரியாக ஏழு காட்டியது. இவர் ராக்கெட் விட்டவர் மாதிரி கை தட்டினார்.

அடுத்தது சூலம். செவ்வாய்க்கிழமைதான் டிக்கெட் மலிவு. செவ்வாய்க்கிழமை வடக்கே சூலம், ஜெய்ப்பூரோ வடக்கே இருக்கிறது. வெள்ளைக்காரனுக்கு இந்தக் கவலை உண்டா? எங்களுக்கு உண்டு. அதற்கு எங்கள் வீடுகளில் ஒரு வழி வைத்திருக்கிறோம். முதல் நாளே நல்ல நேரத்தில் ஒரு பையைக் கொண்டுபோய் வேறொருவர் வீட்டில் வைத்துவிட்டால் பிரயாணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பரஸ்தானம் என்று பெயர். அப்படிப் போன பை மறுபடி வீட்டு வாசற்படி ஏறக் கூடாது. கிளம்பும்போது அங்கிருந்தே எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

எந்தப் பை போயிற்று என்று சொல்ல வேண்டுமா? திங்கட்கிழமை என் பை எதிர் ஃபிளாட் மாமி வீட்டுக்குப் போய், ஸ்வாமி அலமாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. மறுநாள் மத்தியானம் மாமி தன் வீட்டு வாசலில் அதை என் கையில் கொடுத்தபோது தோள்பட்டை இறங்கியது.

"ஊருக்குப் போறவாளை வெறுமனே அனுப்புவேனா? தட்டை, தேங்குழல், ஒரு பாட்டில் புளிக்காய்ச்சல், எல்லாம் உள்ளே வெச்சிருக்கேன்டீம்மா" என்றார் மாமி. பையைத் திரும்ப வீட்டுக்குள் கொண்டுவந்து பிரிக்க முடியாது, சகுனம். மாமி வீட்டு வாசலிலேயே பிரித்தால் மாமி மனது புண்படும். தராசோ இவர் பையின் அடியில் இருந்தது. வாசலில் டாக்ஸி ஹாரன் அடித்தது. ஒன்றும் ஆகாது, வா என்றார் இவர்.

எடையை உடம்பில் ஏற்றிக்கொண்டால் பை லேசாகும் என்பதும் வீடியோ வேதம்தான். இவர் சட்டைக்கு மேல் சட்டை, அதற்கு மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் கோட்டு. பாக்கெட்டெல்லாம் சார்ஜர், ஷேவிங் செட், மாத்திரைகள். நாத்தனார் சுடிதாருக்கு மேல் சுடிதார். டிசம்பர் என்றால் என்ன, மயிலாப்பூரில் மத்தியானம் வியர்க்காமல் இருக்குமா? மெட்ரோ தோண்டுகிற பள்ளங்களைச் சுற்றிக்கொண்டு ஆழ்வார்பேட்டை தாண்டுவதற்குள் இவருக்கு மூச்சு வாங்கியது. கோட்டூர்புரம் பாலத்தில், "ஏசியை இன்னும் கொஞ்சம் வைப்பா" என்று கெஞ்சினார்.

"ஃபுல்லாதான் சார் கீது. நீ மொதல்ல அந்த கோட்டக் கயட்டு. இன்னா சார், ஜொரமா?" என்றார் டிரைவர், கண்ணாடியில் பார்த்து.

"நாங்க லைட்டா டிராவல் பண்றோம்" என்றார் இவர்.

டிரைவர் கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டு ரேடியோவைப் போட்டார்.

விமான நிலையத்தில் எல்லாப் பைகளையும் தராசில் ஏற்றச் சொன்னாள் கவுன்ட்டர் பெண். மூன்று பைகள் தேறின. என் பை தேறவில்லை. பணம் கட்டுங்கள், அல்லது சாமானை எடுங்கள் என்றாள் சிரித்த முகத்தோடு. பணம் என்றதும் இவர் அந்த இடத்திலேயே மண்டியிட்டு என் பையைப் பிரித்தார். பின்னால் வரிசையே பார்த்துக்கொண்டிருந்தது. புளிக்காய்ச்சல் பாட்டில் வெளியே வந்தது. தட்டையும் தேங்குழலும் வந்தன. இவர் கைத்தராசில் சரியாக ஏழு காட்டிய பை, இந்தத் தராசில் அப்படியும் ஏழுக்கு மேலேயே நின்றது. அப்புறம் என் ஸ்வெட்டரை எடுத்துத் தரையில் வைத்தார். ஷூவை எடுத்து அதன் மேல் வைத்தார்.

"அது என்னுது" என்றேன்.

"இது ரெண்டும் உனக்கு எதுக்கு? நாங்க கோட்டைக்குப் போயிட்டு வரதுக்குள்ள நீ ரூம்ல சாதம் வெச்சுண்டுதானே இருக்கப் போறே? ரூமுக்குள்ள என்ன குளிர்?"

கோபமாகச் சொல்லவில்லை. கேலியாகவும் சொல்லவில்லை. மழை வரும் போலிருக்கிறது என்று சொல்வது மாதிரி சொன்னார். அதைத்தான் என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை. திட்டியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன்.

"குக்கரை எடுங்கோ, எடை சரியாயிடும்" என்றேன்.

"குக்கர் இல்லாம எப்படிடீ?"

"மன்னி, ரசம் இல்லாட்டா எனக்கும் தொண்டையில இறங்காது" என்றாள் புரொபஸர்.

என் பெண்ணைப் பார்த்தேன். அவள் போனைப் பார்த்தாள். பெற்று வளர்த்ததற்கு ஒரு வார்த்தை, "பாவம் அம்மா" என்று ஒரே ஒரு வார்த்தை வரும் என்று நின்றேன். வரவில்லை.

குனிந்து ஸ்வெட்டரை எடுத்தேன். ஷூவை எடுத்தேன். புடவைகளையும் உருவி எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டேன். பையைத் தராசில் திரும்ப வைத்தேன். இப்போது எடை கச்சிதமாக இருந்தது.

"குக்கர் பத்திரமா போயிட்டு வரட்டும். நான் வரலை" என்றேன்.

"விளையாடாதேடீ. டிக்கெட் காசு திரும்ப வராது!" என்று கத்தினார். பாருங்கள், அந்த நேரத்திலும் மனுஷருக்கு அடிவயிற்றிலிருந்து வந்தது அதுதான். வாசலில் துப்பாக்கியோடு நின்ற காவலர் இந்தியில் என்னவோ கேட்டார். போகவில்லை என்பதை எனக்குத் தெரிந்த இந்தியில், "நை ஜானா" என்றேன். ஷூவையும் புடவையையும் என் முகத்தையும் பார்த்துவிட்டு, டிக்கெட்டில் என்னவோ கிறுக்கி வழிவிட்டார். மெட்ரோவில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அழுகை வந்தது. கிண்டியில் இறங்குவதற்குள் துடைத்துக்கொண்டுவிட்டேன்.

அந்த நாலு நாளும் எங்கள் வீட்டு அடுப்பு எரியவில்லை. டிசம்பர் சங்கீத சீசன் அல்லவா? சபாவுக்கு சபா கேன்டீன் போட்டிருந்தார்கள். காலையில் ஒரு சபாவில் பொங்கல், மத்தியானம் இன்னொரு சபாவில் இலை போட்டுச் சாப்பாடு, சாயங்காலம் கீரை வடையும் காபியும். கச்சேரி கேட்டாயா என்று யாரும் கேட்க வேண்டாம். பரிமாறுகிற மாமா ஒருவர் குனிந்து, "இன்னும் கொஞ்சம் சாம்பார் விடட்டுமா அம்மா?" என்று கேட்டாரே, அதைவிட எனக்கு எந்த ராகமும் வேண்டியிருக்கவில்லை. கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு பெசன்ட் நகர் கடற்கரையில் நடந்தேன். எதிர் ஃபிளாட் மாமி மட்டும், "சூலம் அவளைத்தான் பிடிச்சுண்டுடுத்து" என்று மாடி மாடியாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆனால் உள்ளூர ஒரு உதைப்பு இருந்ததை மறைக்க மாட்டேன். இவருக்கு வயிற்றுக்கு ஏதாவது வந்துவிட்டால்? புரொபஸருக்கு வெந்நீர் வைக்கத் தெரியுமா என்பதே சந்தேகம். ராத்திரி படுத்தால் இதே நினைப்பு. தினமும் பெண் கோட்டைப் படம் அனுப்பினாள், நான் அதில் கோட்டையைப் பார்க்கவில்லை, இவர் முகம் வாடியிருக்கிறதா என்று பார்த்தேன்.

சனிக்கிழமை வந்து இறங்கினார்கள். இவர் இன்னும் கொஞ்சம் பருத்துத்தான் இருந்தார். கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை. வாசலிலேயே மாமியிடம் ஆரம்பித்துவிட்டார்: "என்ன சாப்பாடுங்கறேள் மாமி! கம்பு ரொட்டி மேல நெய்யை ஊத்தறான், அருவி மாதிரி. பூண்டுச் சட்னி, கடலைமாவு உருண்டைக் குழம்பு, தெருவுல கச்சோரி. ஒரு வேளை விடலையே நாங்க!"

உள்ளே பையைப் பிரித்தேன். அரிசி கட்டின கட்டு அவிழாமல் இருந்தது. குக்கர் பிளாஸ்டிக் உறைகூடக் கிழியாமல் இருந்தது.

"வயிறு?" என்று கேட்டேன்.

"அதுவா? ஒண்ணுமே பண்ணலைடீ. எனக்கே ஆச்சரியம். அந்த ஊர்த் தண்ணி அப்படி போலிருக்கு" என்று சொல்லிக்கொண்டே சட்டையைக் கழற்றிக் கழற்றிய இடத்தில் போட்டார். சோபாவில் சாய்ந்தார். வயிற்றைத் தடவினார். "கொஞ்சம் மிளகு ரசம் வையேன். இங்க வந்ததும் என்னமோ மந்தமா இருக்கு."

கல்யாணமான நாளிலிருந்து ஒரு நோயாளி வயிற்றுக்கு வைத்தியம் பார்ப்பதாகத்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த வயிற்றுக்கு ஒரு குறையும் இல்லை. நான் கண்ணில் பட்டால்தான் அதற்கு உடம்புக்கு வந்துவிடுகிறது.