மருந்தின் காரம்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒரே வருடத்தில் இரண்டு பிள்ளைகளுக்குச் சர்க்கரை நோய் வந்தது. ஒன்று ஆபீஸ் பெரிய கிளாக்கர் ஐயாவின் மகன். மற்றது என் மகள். அப்போது அவளுக்கு ஒன்பது வயது. லயத்தில், எங்கள் வரிசை வீடுகளில், யாரும் நம்பவில்லை.

"பங்களாச் சாப்பாடு சாப்பிடுறவங்களுக்கு வர்ற வியாதி அது. உள்ளங்கையில துளி சீனிய வச்சு நக்கிக்கிட்டுத் தேத்தண்ணி குடிக்கிற நமக்கு எங்கடா வரும்?" என்று பக்கத்து வீட்டு அண்ணன் சிரித்தார்.

டவுன் ஆஸ்பத்திரி டாக்டர் சிரிக்கவில்லை. தினமும் காலையில் சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் ஊசி போட வேண்டும், விட்டாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து என்று சொல்லி அனுப்பினார்.

இருவருக்கும் ஒரே மருந்துதான். ஆனால் கிளாக்கர் வீட்டில் புட்டியும் ஊசியும் அலுமாரியில் இருந்தன. அந்த அம்மாவே மகனுக்குப் போட்டுவிடுவார். என் மகளின் புட்டி ஒன்றரை மைல் கீழே, தோட்டத்து டிஸ்பென்சரியில் பூட்டிக் கிடந்தது. லயத்து ஆட்கள் கையில் ஊசி கொடுப்பதில்லை என்பது அங்கே வழக்கம். எட்டு மணிக்குக் கதவு திறக்கும்வரை பிள்ளை வெறும் வயிற்றோடு பனியில் நிற்பாள். ஞாயிற்றுக்கிழமை கதவு திறக்கவே திறக்காது. அன்று சாயங்காலம் எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் அவளுக்குத் தாகம் தீராது. திங்கட்கிழமை என் மனைவி அவளைத் தூக்கிக்கொண்டுதான் கீழே இறங்குவாள்.

அந்த ஊசி என் வீட்டுக்கு வர வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். கேட்கத்தான் வாய் வரவில்லை. டிஸ்பென்சர் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர், தொழிலில் கெட்டிக்காரர், சத்தம் போடுகிறவர். அவர் முன்னால் போனாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். மனைவிதான் போய்க் கேட்டாள், அவர் திருப்பிக் கேட்டார்:

"உன்ர மனுசன் எத்தினையாம் வகுப்பு?"

"மூணுங்க ஐயா."

"மூண்டாம் வகுப்பு ஊசி போடப் போகுதோ? செடிக்கு மருந்தடிக்கிறதெண்டு நினைச்சானோ?"

செடிக்கு மருந்தடிப்பதுதான் என் வேலை. கொழுந்தில் கொப்புளம் விழுகிற நோய்க்குச் செம்பு மருந்தைத் தண்ணீரில் கரைத்து, முதுகில் மருந்து டாங்கியைக் கட்டிக்கொண்டு அடிப்போம். கரைப்பது நான். மருந்தின் வலுவை நாங்கள் காரம் என்போம். ஒருமுறை வேறு நிறப் பொட்டலம் வந்தது. எங்களை மேய்க்கிற கங்காணி பழைய அளவிலேயே கரைக்கச் சொன்னார். ஒரு மலை முழுக்கக் கொழுந்து கருகிப்போனது. அதற்குப் பிறகு பொட்டலத்தின் நிறத்தைப் பார்க்காமல் நான் கரண்டியைத் தொட்டதில்லை.

அடைமழையில் மருந்தடிப்பு நின்ற ஒரு நாள், மனைவியோடு நானும் டிஸ்பென்சரிக்குப் போனேன். எங்களுக்குப் பின்னால் நீண்ட வரிசை. டிஸ்பென்சர் ஐயா புதுப் புட்டி ஒன்றை எடுத்து, வழக்கமான கோடு வரைக்கும் ஊசியில் மருந்தை ஏற்றினார். புட்டியில் சுற்றியிருந்த பட்டை, மேசையில் கிடந்த காலிப் புட்டியின் நிறத்தில் இல்லை.

"ஐயா, காரம் கூடுதலுங்களா?" என்றேன். அவரிடம் நான் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"என்ன காரம்? இதென்ன மிளகாய்த்தூளோ?"

வரிசை முழுக்கச் சிரித்தது. என் காது சுட்டது. ஆனால் ஊசி பிள்ளையின் தொடைக்கு வந்துவிட்டது. நான் கையை வைத்து மறைத்தேன்.

"பட்டை வேற நிறமா இருக்குங்க. அதே கோடு வரைக்கும் ஏத்தலாமுங்களா?"

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் புட்டியை முகத்தருகே பிடித்து வாசித்தார். மருந்து இரட்டிப்புக் காரம். ஊசியிலிருந்து பாதியை வெளியே தள்ளினார். பிறகுதான் போட்டார்.

என் மனைவி விடவில்லை. "எத்தனையாம் வகுப்புன்னு கேட்டீங்களே ஐயா, அந்த மூணாம் வகுப்புதான் இப்ப பாத்துச் சொல்லுச்சு."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. அந்த நேரத்தை விட்டிருந்தால் இன்னும் பத்து வருடத்துக்கும் நான் கேட்டிருக்க மாட்டேன். "கிளாக்கர் ஐயா வீட்ல வச்சிருக்காங்க. எங்க வீட்லயும் வைக்கணுங்க" என்றேன்.

"தோட்டத்துத் துரை கேட்டால் நான் என்ன சொல்லுறது?"

"நான் கோடு பாக்கிறத உங்க கண்ணால பாத்தீங்கன்னு சொல்லுங்க."

அவர் நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கினார். "நாளைக்கு ரெண்டு சவ்சவ் காயோட வா" என்றார்.

நான்கு நாள் அந்தக் காய்களில் ஊசியைக் குத்தித் தண்ணீரை ஏற்றிப் பழகினேன். காற்றுக் குமிழியைத் தட்டி வெளியேற்றுவதை அவர் பொறுமையாகத்தான் காட்டினார். துரையிடமும் அவரே பேசிக்கொண்டார். ஐந்தாம் நாள், சனிக்கிழமை, புட்டியும் மருந்து ஏற்றும் கண்ணாடிக் குழாயும் ஒரே ஒரு ஊசியும் என் கைக்கு வந்தன.

கிளாக்கர் வீட்டுக்குக் கொழும்பிலிருந்து புது ஊசிகள் வரும். எங்கள் ஊசி மழுங்கினால் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி தீட்டுகிற கல்லில் நானே தீட்டி, வெந்நீரில் கொதிக்க வைப்பேன். அந்தப் பையனைப் பெரிய டாக்டரிடம் காட்டக் கொழும்புக்கே கூட்டிப்போவார்கள். என் மகள் அப்படி ஒரு டாக்டரைப் பார்த்ததே இல்லை. அந்தப் பையனுக்கும் தினம் வலித்திருக்கும். அவன் மேல் எனக்குப் பொறாமை இல்லை. ஆனால் இது சரியில்லை என்று அன்றும் எனக்குத் தெரியும், இன்றும் சொல்வேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, விடிந்ததும் மகளை அடுப்படியில் உட்கார வைத்தேன்.

"அப்பா, உங்களுக்குப் பயமா இருக்கா?"

"இல்லம்மா."

"பொய்."

கோட்டை இரண்டு முறை பார்த்துவிட்டுப் போட்டேன். அவள் அழவில்லை, ரொட்டி கேட்டாள். நோய் வந்த நாளிலிருந்து, ஊசிக்காகக் கீழே போய்த் திரும்பிய பிறகு அவள் ஆறிய ரொட்டியைத்தான் தின்றிருந்தாள். அன்று ரொட்டிக் கல்லிலிருந்து அப்போதே எடுத்ததை ஊதி ஊதித் தின்றாள்.