உமல் வரிசையில் ஒரு தொப்பி

கொழும்பு கொட்டாஞ்சேனையில் றோஸியைத் தெரியாதவர் ஒருவர் இருந்தால், அவர் கூட்டுறவுச் சங்கக்கடையில் அரிசி வாங்காதவராகத்தான் இருக்க வேண்டும். உலக யுத்தம் வந்து அரிசிக்குக் கூப்பன் போட்ட நாளிலிருந்து அந்தக் கடை வாசல் வரிசை அவள் கைக்குள்தான் இருந்தது. யாரும் அவளை நியமிக்கவில்லை. ஆரம்பத்தில் பெண்கள் ஒருவர் கொண்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றதைப் பொறுக்காமல், வாய்க்காரி என்று பெயரெடுத்த அவள் நடுவில் புகுந்து பிரித்துவிட்டாள். அன்றோடு அந்த உத்தியோகம் அவளோடு ஒட்டிக்கொண்டது.

அவள் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று. விடிய வருகிறவர் தன் ஓலைப் பையான உமலைத் தரையில் வைத்து, காற்றில் பறக்காமல் உள்ளே ஒரு கல்லைப் போட்டுவிட்டுப் போகலாம். வேதக்காரப் பெண்கள் முதற்பூசைக்குப் போவார்கள். முஸ்லிம் பெண்கள் வீட்டுக்குப் போய் அடுப்பைப் பற்றவைப்பார்கள். கடை திறக்கும்வரை உமல் நின்றால் ஆள் நின்ற மாதிரி. உமல் இல்லாதவர் செருப்பையோ போத்தலையோ வைக்கலாம். நாயோ மாடோ மனிதரோ எதையும் நகர்த்தாமல் றோஸி பார்த்துக்கொள்வாள். அவளுடைய உமல் மட்டும் எப்போதும் முதலில் இருக்கும். காவல் நிற்கிறவளுக்கு அதுகூட இல்லாவிட்டால் எப்படி என்று எல்லாருமே நினைத்தார்கள், அவள் உட்பட.

அந்த முதலிடம் அவளுக்கு வேண்டியும் இருந்தது. அரிசி முடிந்துபோனால் கடையில் கோதுமை மாவைத்தான் நிறுத்துக் கொடுப்பார்கள். அவள் புருஷன் பேதுரு துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். அவன் வயிற்றுக்கும் கோதுமை மாவுக்கும் ஜென்மப் பகை. ரொட்டி தின்ற மறுநாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாயில் சுருண்டுவிடுவான்.

நாற்பத்து நாலாம் ஆண்டு, ஒரு சனிக்கிழமை. அன்றைக்கு அரிசி குறைவு, நாற்பது பேருக்குத்தான் காணும் என்று மனேஜர் வெளியே வந்து சொன்னார். றோஸி எண்ணிப் பார்த்தாள். சரியாக நாற்பது உமல். கடைசி உமல் நளீபாவினுடையது. அவளுக்கு எட்டு மாதம், நிற்க முடியாமல் மதிலோடு சாய்ந்திருந்தாள். அப்பாடா என்று றோஸி மூச்சு விட்டபோதுதான் பொலிஸ்காரன் றேமண்ட் வந்தான்.

றேமண்ட் அவளுடைய கோயில் பங்கைச் சேர்ந்த பிள்ளை. றோஸியின் கண்முன்னால் கோயிலில் மணியடித்து வளர்ந்தவன். காக்கி உடுப்பு மாட்டிய பிறகு அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. உமலும் கொண்டுவர மாட்டான். நேரே உள்ளே போவான், கடையாட்களே ஒரு சாக்கில் கட்டிக் கொடுப்பார்கள். இத்தனை நாளும் றோஸி பல்லைக் கடித்துக்கொண்டு விட்டிருந்தாள். ஒரு ஆள் கூடினால் நளீபாவுக்கு இல்லை என்றபோது அவளால் விட முடியவில்லை. வாசலை மறித்து நின்றாள்.

தான் இரவு முழுக்கத் துறைமுக வாசலில் காவல் நின்றவன் என்றான் றேமண்ட். டிராமில்கூடத் தன்னிடம் யாரும் டிக்கெட் கேட்பதில்லையாம், இங்கே மட்டும் என்ன புதுச் சட்டம் என்று கேட்டான்.

"உடுப்பு சர்க்கார் வேலைக்குத் தந்தது, தம்பி. அரிசி நீ வீட்டுக்குக் கொண்டுபோற சாமான்," என்றாள் றோஸி. "பேதுருவும் ராவு முழுக்க அதே துறைமுகத்திலதான் மூட்டை தூக்கினவர். அவருக்கு ஆர் வழி விட்டது?"

தன்னைத் தடுத்ததாக எழுதினால் பொலிசுக்கு வர வேண்டியிருக்கும் என்று அவன் குரலை உயர்த்தினான்.

"எழுது, வாறன். அதுவரைக்கும் நளீபாவுக்குப் பின்னால தொப்பியை வை."

பெண்கள் சிரித்துவிட்டார்கள். றேமண்டின் முகம் கறுத்தது. அவன் வரிசையை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்த்தான். பிறகு முதல் உமலைக் காட்டினான்.

"இது ஆருடைய உமல், அக்கா? நீங்க இண்டைக்கு முதலாவதா வந்தனீங்களோ?"

"நான் காவல் நிக்கிறனான்."

"நானும் அதைத்தானே சொன்னனான்."

றோஸிக்குச் சுருக்கென்றது. தன் உமலைத் திரும்பிப் பார்த்தாள். பேதுருவின் வயிறு ஒரு கணம் கண்முன் வந்து போனது. நீங்கள் இருங்கள் றோஸியக்கா, எங்களுக்கு ஒன்றுமில்லை என்று பெண்கள் சொன்னார்கள், நளீபாவும் சொன்னாள். அவள் கேட்கவில்லை. குனிந்து தன் உமலை எடுத்தாள். உள்ளே கல்கூட இருக்கவில்லை. அவள் உமலை யார் நகர்த்தப்போகிறார்கள்? வரிசை நெடுக நடந்து கடைசிக்குப் போனாள்.

றேமண்டுக்கு வேறு வழியில்லை. தொப்பியைக் கழற்றி நளீபாவின் உமலுக்குப் பின்னால் வைத்தான். அந்தத் தொப்பிக்குப் பின்னால் றோஸி தன் உமலை வைத்தாள். அவன் கூச்சத்தோடு தனக்கு முன்னால் வைக்கச் சொன்னான்.

"இல்லத் தம்பி. நான் இப்பதான் வரிசைக்கு வந்தனான்."

நளீபாவுக்கு அரிசி கிடைத்தது. றேமண்டோடு மூட்டை காலி. அவன் சாக்கைப் பிடித்துக்கொண்டு, பாதியை எடுங்கள் அக்கா என்றான். அது அவன் முறைக்குக் கிடைத்த அரிசி என்று சொல்லிவிட்டு, றோஸி மாவை வாங்கிக்கொண்டு நிமிர்ந்தே நடந்தாள். பேதுரு இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. அந்த இரண்டு நாளும் அவன் திட்டியதை இங்கே எழுத முடியாது.

அடுத்த சனி விடிய அவள் போனபோது, பெண்கள் முதலிடத்தை வெறுமையாக விட்டு அதற்குப் பின்னால் உமல்களை வைத்திருந்தார்கள். றோஸி எல்லாவற்றையும் ஒரு அடி முன்னுக்கு நகர்த்தினாள். ஒன்பதாவது உமல் றேமண்டின் பெண்சாதியுடையது. வைத்துவிட்டுப் பூசைக்குப் போயிருந்தாள். றோஸி தன்னுடையதைப் பதினேழாவதாக வைத்து, தெருவில் ஒரு நல்ல கல்லாகத் தேடி எடுத்து உள்ளே போட்டாள். பிறகு ஒன்பதாவது உமலை மோந்துகொண்டிருந்த நாயை விரட்டப் போனாள்.